நெஞ்சு உயரத்து வெயில்

மதலேனம்மாளிடம் பாடம் கேட்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் தணிகாசலம். குருவுக்கு நாற்பத்தேழு. சீடருக்கு அறுபத்தெட்டு.

மலை ஊரின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று அந்த அம்மாளுக்கு இருந்தது. முன்பக்கத்தில் கல்யாணப் படமும் சாமி படமும் மாட்டியிருக்கும். பின்னறையில் நடந்தது வேறு வேலை. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களிலிருந்து பழைய எண்ணெய்ச் சாயப் படங்கள் அங்கே வரும். எது நிஜமாகவே பழசு, எது பழசுபோல் வேஷம் போடுகிறது என்று அம்மாள் சொல்வார். சொன்னால் சென்னை வரைக்கும் அதற்கு மறுபேச்சு கிடையாது.

தணிகாசலம் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷம் ஆகியும் ஜீப்பிலிருந்து இறங்குகிற நடை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டில் சும்மா உட்கார முடியாமல்தான் இந்த வித்தையைக் கற்க வந்தார். வந்த முதல் நாளே கேட்டார்.

“ஒரு படத்தை மதிப்பிட முதல்ல எதைக் கத்துக்கணும்மா?”

“பார்க்கறதை, சார்.”

அவருக்குச் சுருக்கென்றது. “அதை நான் முப்பது வருஷம் செஞ்சவன். காட்டைப் பார்க்கிறதுதான் என் உத்தியோகமே.”

“அப்படியா? அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்,” என்றார் அம்மாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆணியைப் பார்த்துக் காலம் சொல்ல வந்தது. துணியை விரலால் தடவி நெசவு சொல்ல வந்தது. ஆனால் ஒரு சான்றுத்தாளில்கூட அம்மாள் அவரைக் கையெழுத்துப் போட விட்டதில்லை.

அந்தச் சான்றுத்தாளில் அச்சடித்தது எதுவும் இருக்காது. வெறும் வெள்ளைத்தாள். முதல் வரியாக ‘நேரில் பார்த்தேன்’ என்று கையால் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். அது அம்மாளின் கண்டிப்பு.

தணிகாசலத்துக்கு அது சிரிப்பாக இருந்தது. “இதை நாங்க ஃபைல்ல ஆயிரம் தடவை எழுதியிருப்போம்மா.”

“எழுதறது சுலபம்தான் சார்.”

ஒரு புதன்கிழமை காலையில், கம்பளியில் சுற்றிய படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். பெயர் காமாயி என்றாள். ஊர் கரட்டுப்பட்டி.

கம்பளியைப் பிரித்தாள். பொன்பூச்சு உதிர்ந்த கனத்த மரச்சட்டம். அதற்குள் புகை ஏறிக் கறுத்துப்போன ஒரு காடு.

“எங்க அப்பா பங்களாவுல வாட்ச்மேனா இருந்தாருங்க. துரை வீட்டுப் படம், வேண்டாம்னு தூக்கிப் போட்டதுன்னு கொண்டாந்தாரு. இத்தனை வருஷமா எங்க அடுப்பங்கரையிலதான் தொங்குச்சு. இதுல இருக்கறது எங்க ஊருக்கு மேல இருக்கற ஊத்துக்கரடுங்க. காடா இருந்தப்ப வரைஞ்சது.”

தணிகாசலம் சிரித்தார். “ஊத்துக்கரடா? அந்தச் சரகத்துல நான் ரெண்டு வருஷம் ரேஞ்சரா இருந்திருக்கேன். அங்க ஏதும்மா காடு? முள்ளுப்புதருதான்.”

காமாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க பார்த்தீங்களாய்யா?”

“நேர்ல பார்த்திருக்கேன்.”

அவள் அம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கரட்டுல மரம் இருந்தப்ப எங்களுக்கு ஊத்து இருந்துச்சுங்க. மரம் போச்சு, ரெண்டே வருஷத்துல ஊத்தும் போச்சு. இப்ப அந்த இடத்துல தங்கற வீடுங்க கட்டறதுக்கு ஒரு கம்பெனி கேக்குது. மரத்தைத் திரும்ப வையுங்கன்னு நாங்க கேக்கறோம். அங்க காடே இருந்ததில்லைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. இருந்துச்சுன்னா ஆதாரம் கொண்டான்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை கூட்டம். எங்ககிட்ட இருக்கறது இந்தப் படம் ஒண்ணுதான்.”

இடுப்பிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். “இது அவங்க குடுத்த பதிலுங்க. பழைய ஃபைல்ல இருந்ததையும் நகல் எடுத்துக் குடுத்தாங்க. எனக்குப் படிக்க வராது.”

அம்மாள் நின்றபடியே படித்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிகாசலத்தை ஒரு தரம் பார்த்தார். காகிதங்களை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினார்.

“சார், இந்தப் படத்தை நீங்க பாருங்க.”

“நானா?”

“நீங்கதான். பார்த்து நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், படத்தை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டார்.

ஒரு மணிநேரம் பார்த்தார். சட்டத்தின் மூலைப்பொருத்தைப் பார்த்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவினார், எல்லாம் கொல்லன் கையால் அடித்தவை. துணியின் நெசவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கீழ்ச்சட்டத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 1874 என்று வெட்டியிருந்தது. படத்தைத் திருப்பி வைத்து, சாயத்தில் ஓடிய வெடிப்புகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சந்தேகமே இல்லைம்மா. நூத்தம்பது வருஷத்துப் படம். சுத்தமான பழசு.”

காமாயி முகம் மலர்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஆனா எந்த மலைன்னு சொல்ல முடியாது,” என்றார் தணிகாசலம். அவள் கை தானாக இறங்கியது.

“படம் எப்படி?” என்று அம்மாள் கேட்டார்.

“அதைத்தான் சொல்ல வந்தேன். பிரமாதம். இந்த வெயிலைப் பாருங்க. புகை இவ்வளவு மூடியும் தெரியுது. அடர்ந்த காடு, உள்ள இருட்டு, மரத்துக்கு மரம் ஒரு கையளவு வெயில். கண்ணை எடுக்கவே முடியலை.”

“வெயிலா?”

“வெயில்தான்.”

“எந்தப் பக்கம் இருந்து வருது?”

தணிகாசலம் குனிந்தார். படத்தின் இடது மூலையில் கொஞ்சம் வானம் தெரிந்தது. இலைகள் அந்தப் பக்கம்தான் வெளுத்திருந்தன. “இடது பக்கம் இருந்து.”

“மரத்துல எந்தப் பக்கம் விழுந்திருக்கு?”

அவர் பார்த்தார். வலது பக்கம் விழுந்திருந்தது. எல்லா மரத்திலும் வலது பக்கம். வலது ஓரமாகப் போகிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்த பக்கம்.

“வரைஞ்சவன் தப்புப் பண்ணிட்டான் போல.”

“இருக்கலாம். எவ்வளவு உயரத்துல விழுந்திருக்கு, சார்?”

“உயரமா?”

“ஒரு ஆள் பக்கத்துல நின்னா எங்க வரும்?”

அவர் விரலை வைத்து அளந்தார். அடுத்த மரத்தில் அளந்தார். அதற்கடுத்த மரத்திலும்.

“நெஞ்சு உயரம்,” என்றார்.

அம்மாள் பஞ்சை எடுத்து ஒரு குச்சி நுனியில் சுற்றினார். அதை வாயில் வைத்து நன்றாக எச்சில் பண்ணினார். அப்படியே படத்தின்மேல் வைத்துத் தேய்த்தார்.

காமாயி பதறிப்போனாள். “அய்யோ, எச்சிலுங்க. அந்தப் படத்துக்கு எங்க அம்மா சாகற வரைக்கும் வெளக்குக் காட்டுனாங்க.”

தணிகாசலத்துக்கும் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷத்தில் இதை அவர் பார்த்ததில்லை. “என்னம்மா இது? மருந்து பாட்டில் அத்தனை இருக்கே.”

“மருந்து சாயத்தையும் சேர்த்துத் தின்னுரும். எச்சில் அழுக்கை மட்டும்தான் எடுக்கும்,” என்றார் அம்மாள் கை நிற்காமல். “குழந்தை முகத்துல கரி இருந்தா என்ன செய்யறோம், காமாயி? முந்தானையில எச்சில் தொட்டுத்தானே துடைக்கிறோம்.”

பஞ்சு கறுத்தது. புதுப் பஞ்சு, மறுபடி எச்சில். நாலாவது பஞ்சில் முன்னால் நின்ற பெரிய மரத்தின் வெயில் துலக்கமாக வந்தது. அது மஞ்சள் வெயில் இல்லை. வெளிர் சிவப்பு. பட்டையை அரிவாளால் செதுக்கி எடுத்தால் உள்ளே தெரிகிற பச்சை மரத்தின் நிறம். கீழ் ஓரத்தில் பால் வடிந்து ஒழுகியிருப்பதைக்கூட வரைந்தவன் விடவில்லை.

அது வெயிலே இல்லை. வெட்டுவதற்குக் குறிபோட்ட மரங்கள். ஒன்று பாக்கியில்லாமல் மொத்தக் காட்டுக்கும் குறி போட்டிருந்தது. முப்பது வருஷம் மரத்துக்குக் குறிபோட்ட மனிதர் அதை வெயில் என்று சொல்லி ரசித்துக்கொண்டிருந்தார்.

“குறி,” என்றார் தணிகாசலம். “மார்க்கிங். நாங்க போடறது.”

“அந்தக் காலத்துலயும் உண்டா?”

“உண்டு. வெள்ளைக்காரன்தான் ஆரம்பிச்சான். பட்டையைச் செதுக்கி, முத்திரைச் சுத்தியலால ஒரு அடி. ஒவ்வொரு ரேஞ்சருக்கும் ஒரு எண். சுத்தியல் அவங்க கையைவிட்டுப் போகக் கூடாது.”

“அப்ப இதுல எண் இருக்குமே,” என்றார் அம்மாள். பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் குனிந்தார்.

செதுக்கிய இடத்தின் நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒன்பது. ஊசி முனையால் கீறியதுபோல் அத்தனை சிறிசு. ஆனால் ஒன்பதின் வால் பாதியிலேயே நின்றிருந்தது.

தணிகாசலம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். அடுத்த மரத்தைத் துடைக்கச் சொன்னார். துடைத்ததும் பார்த்தார். அங்கேயும் வால் இல்லாத ஒன்பது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரப் பார்த்தார், ஸ்டூல் நகர்ந்து கவிழ்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்னங்கய்யா?” என்றாள் காமாயி.

“அந்தச் சுத்தியலை நான்தான் ஒரு தடவை பாறைமேல போட்டேன். ஒன்பதோட வால் உடைஞ்சுது. வேற சுத்தியல் கேட்டு எழுதிப் போட்டும் ரெண்டு வருஷம் வரலை.” அவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. “அது என் சுத்தியல்.”

முன்கடையில் யாரோ வந்து மணியடித்தார்கள். அம்மாள் போகவில்லை. வந்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

“ஆனா இது 1874,” என்றார் தணிகாசலம். கெஞ்சுகிற குரல்.

“சட்டம் பழசு, துணி பழசு, ஆணி பழசு,” என்றார் அம்மாள். “பூஞ்சை பிடிச்சு வீணாப்போன பழைய படத்துமேல யாரோ புதுசா வரைஞ்சிருக்காங்க. அதனாலதான் இவ்வளவு வெடிப்பு. நீங்க பார்த்ததெல்லாம் பழசுதான் சார். படத்தை மட்டும் பார்க்கலை.”

காமாயி படத்துக்குக் கிட்டே போனாள். துடைத்த இடத்தைத் தொடாமல், விரலை மேலாக நகர்த்தினாள்.

“மரம் வெட்ட ஆள் வர்றதுக்கு முந்தி, எங்க அப்பா எட்டு நாள் மழையோட மழையா கரட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தாருங்க,” என்றாள் மெதுவாக. “கையெல்லாம் பச்சைச் சாயம். எங்க அம்மா என்னய்யா இதுன்னு திட்டுனாங்க. பங்களா கேட்டுக்குப் பெயிண்டு அடிச்சேன்னாரு.” அவள் நிறுத்தினாள். “அந்தக் கேட்டு சிவப்புங்க.”

அவள் அழவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அடுப்பங்கரையில் தொங்கியதைத் தன் அப்பாவின் கைவேலை என்று தெரியாமலே புகை போட்டிருக்கிறாள். பங்களாச் சாமானைத் தொட்டதற்குத் திருட்டுப் பட்டம் வருமே என்று மனுஷன் வாயே திறக்காமல் செத்துப்போயிருக்கிறார்.

பிறகு அவள் தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப ஃபைல்ல எழுதுனது நீங்கதானா?”

அம்மாள் இழுப்பறையைத் திறந்து கடைசித் தாளை எடுத்தார். தணிகாசலத்தின் முன்னால் மேஜைமேல் வைத்தார். எண்பத்தாறாம் வருஷத் தேதி போட்ட, மங்கிப்போன நகல்தான். ஆனாலும் கையெழுத்து அவருடையதே. நீட்டி வளைத்த, இளவயதுக் கையெழுத்து.

‘ஊத்துக்கரடு. நேரில் பார்த்தேன். முட்புதர் மட்டுமே உள்ளது. அகற்ற ஆட்சேபணை இல்லை.’

“நான் போகலை,” என்றார் தணிகாசலம்.

நகலை விரலால் தள்ளி வைத்தார்.

“நான் மேல ஏறவே இல்லை. சத்தியமா யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கலை. மழை. வழியெல்லாம் அட்டை. ஏற சோம்பலா இருந்துச்சு. வெறும் புதருதான் சார், எல்லைக்கு நாலு மரம் குறி போடணும், சுத்தியலைக் குடுங்கன்னு கான்ட்ராக்டர் ஆளு கேட்டான். மூணு நாளைக்குக் குடுத்தேன். கீழ உட்கார்ந்து இதை எழுதினேன்.”

“லாரிங்க போச்சே,” என்றாள் காமாயி. “ஒரு மாசம் போச்சே. உங்க ஆபீஸ் வாசல் வழியாத்தானே போச்சு.”

“போச்சு. எங்க இருந்து வருதுன்னு நான் கேக்கலை.”

“ஊத்து வத்துன வருஷம், ஓடையில தண்ணி மோந்துட்டு ஏறும்போது விழுந்தேன். அதான் இந்தக் கால்.” அவள் குரலை உயர்த்தவில்லை. “காலைலகூட, நேர்ல பார்த்திருக்கேன்னு சொன்னீங்களேய்யா.”

தணிகாசலம் தரையைப் பார்த்தார். அவரை உலுக்கியது அதுதான். காலையில் அதைச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தான் எழுதியதைத் தானே நம்பி, ஏறாத மலையில் இல்லாத புதரை இத்தனை வருஷமும் கண்ணால் கண்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மாள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த நகலின் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்து வைத்தார்.

“இதை எழுதினா படத்துக்கு மதிப்பே இல்லாமப் போயிடும்மா,” என்றார் தணிகாசலம். “பழைய படம் இல்லைன்னு ஆயிடும். ஏலத்துல ஒருத்தன் சீண்ட மாட்டான்.”

“ஏலத்துக்கா கொண்டாந்திருக்காங்க?”

பழைய படமாக இருந்திருந்தால் அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இப்போது அது எண்பத்தாறாம் வருஷத்துச் சாட்சி. அதைப் படித்துச் சொல்ல, வாலில்லாத ஒன்பதை அடையாளம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

“என் பேரு நாறிடும். பேரன் பேத்தி எடுத்தவன் நான்.”

அம்மாள் பஞ்சை எச்சில் பண்ணி அடுத்த மரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். காமாயியும் ஒரு குச்சியை எடுத்தாள். பஞ்சைச் சுற்றினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு வாயில் வைத்தாள். தன் அப்பா வரைந்த மரத்தை, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தாள்.

ஒவ்வொரு மரமாக வெளியே வந்தது. தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார். நாவல், காட்டுச் செண்பகம், பேர் தெரியாத கொடிகள். பாதையின் முடிவில், பாறை இடுக்கில், ஊற்று. அதன்மேல் குனிந்து ஒரு இளம்பெண் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் நேராக இருந்தன.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை பெரிய காடு அது.

கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். தாளின்மேல் கை அப்படியே நின்றது.

“முதல் வரியே எழுத வரலைம்மா,” என்றார். “என்ன எழுதட்டும்?”

அம்மாள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னைக்கு எழுதினதையே எழுதுங்க சார். இன்னைக்குத்தானே பார்த்தீங்க.”